வலியைவிட அந்த அறைதான் பயம்

இந்த இதழில் மற்றக் கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு ஆட்டிசம் உள்ள பெண்களும் பிரசவமும் என்ற ஒரே விஷயத்தைத் தொட்ட ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். (ஆட்டிசம் என்பது பிறவியிலேயே மூளை உலகை உணர்வதும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு விதமாக இருப்பது.) முதல் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இருபத்தைந்து வருடமாகப் பிரசவம் பார்க்கிற எனக்கே அதில் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது.

கேள்வி: எனக்கு 28 வயது. பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகி மூன்று வருடம். அண்ணன் பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது, அவனைப் பற்றி டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ‘நானும் இப்படித்தானே’ என்று தோன்றியது. போன வருடம் பெங்களூரில் பார்த்ததில் எனக்கும் ஆட்டிசம் என்று உறுதியானது. குழந்தை வேண்டும் என்று ஆசைதான். ஆனால் பிரசவம் என்று நினைத்தாலே கை கால் உதறுகிறது. வலிக்குப் பயப்படுகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். வலி மட்டும் இல்லை. யார் யாரோ தொடுவார்கள், வெளிச்சம் கண்ணைக் குத்தும், பக்கத்துக் கட்டிலில் கத்துவார்கள், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நாத்தனார் வளைகாப்பில் ஐம்பது பேர் நடுவே வளையல் சத்தமும் சந்தன வாசமும் தாங்காமல் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு டாக்டரம்மாவிடம் சொன்னதற்கு, ‘ஊர் உலகத்தில் யாரும் பெத்துக்கலையா’ என்று சிரித்தார். ஆட்டிசத்துக்கும் இந்தப் பயத்துக்கும் சம்பந்தம் உண்டா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில் அந்தச் சிரிப்புக்காக, அதே தொழிலில் இருக்கிறவள் என்ற முறையில் வருத்தப்படுகிறேன். பிரசவத்துக்குக் கொஞ்சமும் பயப்படாத பெண் அபூர்வம். பிள்ளைப்பேறு மறுபிறப்பு என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயம் தூக்கத்தைக் கெடுத்து, குழந்தை ஆசையையே வருடக்கணக்கில் தள்ளிப்போட வைக்கிற அளவுக்குப் போனால் அதற்கு மருத்துவத்தில் டோகோஃபோபியா என்று தனிப் பெயரே இருக்கிறது. 1858-லேயே மார்சே என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 2000-ல் இங்கிலாந்தில் ஹாஃப்பெர்க், பிராக்கிங்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் 26 பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அப்புறம்தான் இந்தப் பெயர் எங்கள் காதுகளுக்கு எட்டியது. தனக்கு ஒரு பிரசவம்கூட ஆகாமலே சின்ன வயதிலிருந்து இருக்கிற பயம் ஒரு வகை, ஒரு கொடுமையான பிரசவத்துக்குப் பிறகு வருகிற பயம் இன்னொரு வகை என்று அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குக் கடுமையான பிரசவ பயம் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

இனி ஆட்டிசம். (மதியிறுக்கம் என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. யாருடைய மதியும் இறுகிப்போய் நான் பார்த்ததில்லை.) உங்களுக்கு 27 வயதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட வேண்டாம். 1943-ல் லியோ கன்னர் முதன்முதலில் விவரித்த 11 குழந்தைகளில் பெண் குழந்தைகள் மூன்றே பேர். அப்போதிருந்தே இது ஆண்பிள்ளைகளின் விஷயம் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. பெண்பிள்ளைகளோ மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்து அப்படியே நடந்துகொள்கிறார்கள். வெளியில் ‘அமைதியான பொண்ணு, கூச்ச சுபாவம்’ என்று பெயர். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் உடம்பு துவண்டு விழுவது யாருக்கும் தெரியாது. சத்தம், வெளிச்சம், தொடுகை, வாசனை இதெல்லாம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மிதமிஞ்சியோ மிகக் குறைவாகவோ உறைக்கும் என்பதையே 2013-ல் வந்த டிஎஸ்எம் என்ற மனநல நோய் கண்டறியும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். வளையல் சத்தம் தாங்கவில்லை என்று நீங்கள் எழுதியதில் மிகை எதுவும் இல்லை. அது உங்கள் உடம்பு சொன்ன உண்மை.

உங்கள் கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில் எங்கள் லேபர் ரூமுக்குள் நுழைந்தபோது, வாசலில் ஒரு நிமிடம் நின்று உங்கள் கண்ணால் பார்க்க முயன்றேன். தலைக்கு நேர் மேலே டியூப்லைட். அதில் ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது, மாதக்கணக்காக அப்படித்தான், நான் அன்றுதான் கவனித்தேன். குழந்தையின் நாடித் துடிப்பு மெஷினில் டக் டக் என்று நிற்காமல் ஓடுகிறது. ஸ்டீல் டிரே ஒன்று மேசையில் டங்கென்று விழுகிறது. ஸ்பிரிட் வாசனை, பெட்டடின் வாசனை. கட்டிலில் இருக்கும் பெண்ணின் தொடையில் ரப்பர் ஷீட் வியர்வையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘முக்கும்மா’ என்று ஒருவர், ‘மூச்சை இழுத்துப் பிடி’ என்று இன்னொருவர், ‘கத்தாதே’ என்று மூன்றாமவர், மூவரும் ஒரே நேரத்தில். கையுறை போட்ட கை ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. டியூட்டி மாறினால் புது முகம், புதுக் கை. இது பழகியவர்களுக்கு ஒரு சாதாரணக் காலை. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

இதோடு இன்னும் இரண்டு விஷயம் சேருகிறது. ஒன்று, நிச்சயமின்மை. ஆட்டிசம் உள்ள பலருக்கு என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே பெரிய பதற்றம். பிரசவமோ முழுக்க முழுக்க அப்படிப்பட்டது. நாங்கள் குறித்துக் கொடுக்கிற தேதியில் பிறக்கிற குழந்தை இருபதில் ஒன்றுதான். இரண்டாவது, உடம்புக்குள்ளிருந்து வரும் சேதி. பசியா, வயிற்றுவலியா, பதற்றமா என்று பிரித்துச் சொல்வது சிலருக்குக் கஷ்டம். வலி உயிர் போகிற மாதிரி இருந்தாலும் முகத்தில் தெரியாமல் போவதும் உண்டு. முகத்தைப் பார்த்து ‘இன்னும் வலி வரலை’ என்று திருப்பி அனுப்பிவிட்டால்? உங்களுக்கு இந்தப் பயமும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன், எழுதவில்லை அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சம்பந்தம் உண்டு. ஆட்டிசம் இருந்தால் எல்லாருக்கும் பிரசவ பயம் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிற அத்தனையும் அந்த அறையில் இருக்கிறது. ஸ்வீடனில் 2018-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆட்டிசம் உள்ள தாய்மார்களுக்கு நடந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் சிசேரியன் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. அதற்குப் பயமும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கருத்து. குறைமாதப் பிரசவமும் கர்ப்பகால ரத்தக்கொதிப்புச் சிக்கலும்கூடச் சற்று அதிகம். அதனால் மாதாந்திரப் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2020-ல் கேம்பிரிட்ஜ் குழுவினர் 355 ஆட்டிசத் தாய்மார்களிடம் கேட்டதில், கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் மனச்சோர்வு அவர்களுக்கு அதிகம் என்று தெரிந்தது. அதே தாய்மார்கள் தம் தேவையைவிடப் பிள்ளையின் தேவையை முன்னால் வைப்பதில் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை என்றும் தெரிந்தது. இதை உங்கள் மாமியாரிடம் படித்துக் காட்டலாம்.

சரி, என்ன செய்வது? ‘பயம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதை அவிழ்த்துப் போடுங்கள். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், இது உங்களுக்கு வரும். எது எது பயம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள், பக்கத்திலேயே அதை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்டு எழுதுங்கள். பாதிக்கு மேல் மாற்றக்கூடியவை என்று கண்டு ஆச்சரியப்படுவீர்கள். முடி மழித்தல், எனிமா கொடுத்தல் இரண்டும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இயல்பான பிரசவத்தில், வலி நன்றாகப் பிடித்த பிறகும் உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை போதும் என்றும், எல்லாருக்கும் கத்தரித்துத் தையல் போடக்கூடாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ‘தொடுவதற்கு முன் சொல்லுங்கள், சரி என்றபின் தொடுங்கள்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளக்கைக் குறைக்கச் சொல்லலாம். சொந்த நைட்டியைப் போட்டுக்கொள்ள அனுமதி கேட்கலாம். காதில் பஞ்சோ இயர்பிளக்கோ வைத்துக்கொள்ளலாம். ஏழாம் மாதத்தில் ஒருநாள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து லேபர் ரூமைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், கட்டிலில் ஒருமுறை படுத்தே பாருங்கள். சம்மதிக்காத ஆஸ்பத்திரி என்றால் அப்போதே ஆஸ்பத்திரியை மாற்ற உங்களுக்கு நேரம் இருக்கும்.

சிசேரியன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் 2011-லிருந்தே சொல்வது இதுதான்: பிரசவ பயத்தால் ஒருவர் சிசேரியன் கேட்டால் முதலில் மனநல உதவி கொடு, பேசிப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்றால் சிசேரியன் செய்துகொடு. நானும் அப்படியே செய்கிறேன். நாள், நேரம் தெரியும் என்பது அதில் உங்களுக்கு நல்லது. ஆனால் அங்கேயும் பளீரென்ற விளக்கு உண்டு, முதுகில் ஊசி உண்டு, இடுப்புக்குக் கீழே கால் தன்னுடையது இல்லாத மாதிரி மரத்துக் கிடக்கும் மணிக்கணக்கு உண்டு. சிலருக்கு அந்த மரத்த உணர்வு வலியைவிட மோசம். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கர்ப்பமாவதற்கு முன்பே ஒரு மனநல மருத்துவரையோ சைக்காலஜிஸ்ட்டையோ பாருங்கள். ஸ்வீடனில் பிரசவ பயத்துக்கென்றே அரோரா என்ற பெயரில் தனி கிளினிக்குகள் பல காலமாக நடக்கின்றன. நமக்குப் பக்கத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸில் கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்கும் தனி மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: என் மனைவிக்கு ஆறாம் மாதம். அவளுக்கும் ஆட்டிசம். பதற்றம் மிஞ்சினால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது, கேட்டால் தலைகூட ஆட்டமாட்டாள். பிரசவ நேரத்தில் அப்படி ஆகிவிட்டால்?
— வாசகர், திருச்சி

பதில்: தம்பி, ஆகலாம் என்றே வைத்துக்கொண்டு தயாராகுங்கள். இப்போதே இரண்டு பேரும் உட்கார்ந்து கைச்சைகை பழகுங்கள். ஒரு விரல் என்றால் நிறுத்து, இரண்டு விரல் என்றால் தண்ணீர், கையை இறுக்கிப் பிடித்தால் வலி கூடிவிட்டது. அரைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு காகிதம் எழுதி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் பின் குத்திவிடுங்கள்: ‘இவருக்கு ஆட்டிசம் உள்ளது. பதில் வரவில்லை என்றால் திமிர் இல்லை, பேச முடியவில்லை. ஒருவர் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.’ இந்த நான்கு வரி எத்தனை சண்டையைத் தவிர்க்கும் என்று எனக்குத் தெரியும்.

கூட யார் இருப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பிரசவத் துணையை அரசு ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கும் வழக்கத்தை 2004-லேயே கொண்டுவந்தது நம் தமிழ்நாடுதான். பெரும்பாலும் அது ஒரு பெண் துணை. அவருடைய அம்மாதான் வரவேண்டும் என்று கட்டாயமில்லை, யாருடைய குரல் அவரைத் தணிக்குமோ அவர் வரட்டும். தனியார் ஆஸ்பத்திரி சிலவற்றில் கணவரை விடுகிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அப்புறம், குழந்தை பிறந்த அன்றே பார்க்க வருகிற கூட்டத்தை வாசலில் நிறுத்துவது உங்கள் வேலை. பெரியம்மா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். போன வருடம் ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள். எத்தனை கேட்டும் பதில் இல்லை. நானும் சத்தம் போட்டேன், தொடையில் ஒரு தட்டும் தட்டினேன். உங்கள் பத்தியில் முன்பு ஆட்டிசம் பற்றிப் படித்த பிறகு அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.
— பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: நீங்கள் எழுதியதற்கு நன்றி, சிஸ்டர். ஆறுதல் சொல்லி அனுப்பிவிட முடியாது, அந்தத் தட்டு தப்புதான். எந்தப் பெண்ணின் மேலும் தப்பு. நான் பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் என் கண் முன்னே எத்தனையோ தட்டுகள் விழுந்தன, நான் வாயைத் திறக்கவில்லை, அதுவும் தப்புதான்.

அவருக்கு ஆட்டிசமா என்று இனி நமக்குத் தெரியப்போவதில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. காதைப் பொத்துகிறார் என்றால் சத்தம் தாங்கவில்லை. ஆடுகிறார் என்றால் அந்த அசைவு அவரைத் தாங்கிப் பிடிக்கிறது, நிறுத்தாதீர்கள், வலிக்கும் அது நல்லது. குரலைத் தாழ்த்துங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ‘லேசா இருக்கும்மா’ என்று சொல்லாதீர்கள். ‘இப்போ கை வைக்கிறேன், பத்து எண்ணுறதுக்குள்ள எடுத்திடுவேன்’ என்று சொல்லி, உண்மையிலேயே பத்துக்குள் எடுங்கள். ஒருமுறை சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் அடுத்த பரிசோதனைக்கு அவர் உடம்பு உங்களை நம்பும். ஒரு மோசமான பிரசவம் முடிந்தபின் அடுத்த குழந்தையே வேண்டாம் என்று பயந்துபோகிற பெண்களை நான் வெளிநோயாளிப் பிரிவில் பார்க்கிறேன். பல பேர் வலியைச் சொல்லி அழுவதில்லை, தங்களிடம் பேசப்பட்ட விதத்தைச் சொல்லித்தான் அழுகிறார்கள்.

உங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். என்னைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஆட்டிசம். பயத்தால் சிசேரியன் வேண்டும் என்கிறாள். சிசேரியனில் பிறந்தால் குழந்தைக்கும் ஆட்டிசம் வரும் என்று உறவில் ஒருவர் சொல்கிறார். உண்மையா?
— ஒரு தாய், மதுரை

பதில்: இல்லையம்மா. ஸ்வீடனில் சுமார் 27 லட்சம் குழந்தைகளை வைத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது சிசேரியன் குழந்தைகளுக்கு ஆட்டிசம் சற்று அதிகம் போலத் தெரிந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளை, ஒன்று சிசேரியன், ஒன்று சுகப்பிரசவம் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஆட்டிசத்தில் பெரும்பங்கு பரம்பரை வழி வருவது, கத்தி வழி வருவது இல்லை. பேரப்பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது நிஜம், அப்படி இருந்தால் அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளும் ஒரு தாய் வீட்டிலேயே இருக்கிறாள். நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் வரை சிசேரியனாகத்தான் நடக்கிறது, அதில் பலவற்றுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. உங்கள் மகள் மட்டும் காரணத்தோடு கேட்கும்போது கூட்டம் போட்டுப் பேச வேண்டாமே. டாக்டரிடம் அவளோடு போய் பக்கத்தில் உட்காருங்கள், அவள் பேசட்டும்.

கேள்வி: வயது 36. எல்லாம் யோசித்து, பிள்ளை பெறுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். தத்தெடுக்க ஆசை. ‘பயந்தாங்கொள்ளி, பெத்துக்கத் துப்பில்லாமல் தத்து எடுக்கிறாள்’ என்ற பேச்சுதான் தாங்கவில்லை. எனக்கு ஆட்டிசம் இருப்பதைக் கணவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?
— வாசகி, சென்னை

பதில்: சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. கணவருக்குத் தெரியும், அது போதும். பேசுகிறவர்களுக்கு ‘நாங்கள் முடிவு செய்துவிட்டோம்’ என்ற ஒரே வாக்கியத்தை, ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தை, சொல்லுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் விவாதம் ஆகிவிடும். தத்தெடுப்புக்கு மத்திய அரசின் காரா அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தம்பதி என்றால் குறைந்தது இரண்டு வருட நிலையான மணவாழ்க்கை கேட்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார்கள், அந்த அதிகாரிகளிடம் மட்டும் உடல்நிலை, மனநிலை பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காத்திருப்பு வருடக்கணக்கில் நீளும், அதனால் இந்த மாதமே பதிவு செய்துவிடுங்கள்.